செவலைக்கு வளைகாப்பு

நம் வயதில் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் வயிற்றில் வந்துதான் நிற்கிறது. ஒருத்திக்கு இட்லி ஒத்துக்கொள்வதில்லை. இன்னொருத்திக்கு இட்லி மட்டும்தான் ஒத்துக்கொள்கிறது. போன மாதம் எனக்கும் முறை வந்தது. மத்தியானம் சாப்பிட்ட சோறு பொழுது சாய்ந்தும் நெஞ்சுக்குக் கீழேயே குந்திக்கொண்டிருக்கிறது என்று டாக்டரிடம் போனேன். என் மகனைவிடச் சின்ன வயது.

"சுகர் ரொம்ப நாளா இருக்குல்லம்மா, அதான். வயித்துல கோளாறு எதுவும் இல்ல. வேலையைப் பாருன்னு வயித்துக்குச் சொல்ற நரம்பு இருக்கு பாருங்க, அது மந்தமாயிடுச்சி" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"எதுக்கும்மா சிரிக்கிறீங்க?"

"எங்க செவலைக்கும் இதே சீக்குதான் டாக்டர்."

"செவலை யாரு, உங்க சிஸ்டரா?"

"பசு மாடு."

பாவம், அந்தப் பிள்ளை முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மருந்துச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். நீங்கள் என் வயதுக்காரர்கள், உங்களுக்கு நேரம் இருக்கிறது. உட்காருங்கள், முழுசாகச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சிதம்பரத்தில், அண்ணாமலை நகர் போகிற வழியில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. அப்பா டெலிபோனில் லைன்மேன். ஊரில் நிலம் இருந்தாலும் ஏர் பிடிக்காமல் கம்பம் ஏறப் போனவர். சாயங்காலம் வந்ததும் காக்கிப் பையை முற்றத்தில் கவிழ்ப்பார். துண்டு துண்டாகக் கம்பி விழும். எனக்கு அது பொக்கிஷம். வளைத்து மோதிரம் செய்வேன், மூக்குக்கண்ணாடி செய்வேன்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். மாமா சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார், சோப்பும் டார்ச் லைட்டும் கொடுப்பார், போய்விடுவார். புருஷன் பக்கத்தில் இல்லாத பெண் சும்மா உட்கார்ந்திருந்தால் மனசு கெட்டுப்போகும் என்று அத்தையின் மாமனார் ஒரு பசுவை ஓட்டிவந்து கட்டினார். சிவப்பு மாடு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அத்தை அதோடு பேசுவாள், சண்டை போடுவாள், மாமாவின் கடிதத்தை அதற்குத்தான் முதலில் படித்துக் காட்டுவாள். பிள்ளை இல்லாத அத்தைக்கு செவலைதான் எல்லாம்.

காலையில் நானும் அத்தையும் யூனிவர்சிட்டி குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குப் பால் ஊற்றப் போவோம். திரும்பும்போது அதே வீடுகளில் கழுநீர் வாங்கி வருவோம். அரிசி களைந்த தண்ணீர், காய்த் தோல், மிஞ்சிய சோறு எல்லாம் ஒரே வாளியில். புளித்த கஞ்சியும் வாழைக்காய்த் தோலும் கொஞ்சம் காப்பித் தூளும் கலந்த அந்த வாசனை இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை. உங்களில் பாதிப் பேர் அந்த வாளியைத் தூக்கியவர்கள்தான், மூக்கைச் சுளிக்காதீர்கள். கழுநீருக்குள் என்னென்னவோ வரும். புரொபசர் வீட்டு ஸ்பூன் ஒன்று வாரம் தவறாமல் வரும். அம்மா கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தனுப்புவாள்.

இந்தக் கதைக்கெல்லாம் காரணம் ஒரு ஊசி. மாமா கடைசியாக வந்தபோது அத்தைக்கு ஒரு வெள்ளிக் கொண்டை ஊசி வாங்கி வந்தார். விரல் நீளம், இரண்டு கால், மேலே ஒரு மயில், மயிலின் கண்ணில் சிவப்புக் கல். அத்தை அதை நல்ல நாள் பெரிய நாளில்தான் செருகுவாள். அந்த வருடம் மாட்டுப் பொங்கலுக்கு ஊரே மாட்டை ஜோடித்தது. வடை மாலை, கரும்புத் துண்டு மாலை என்று ஆளாளுக்குக் கட்டினார்கள். நான் செவலைக்குச் செவந்திச் சரத்தில் கிரீடம் கட்டினேன். அது கொம்பில் நிற்காமல் நழுவி நழுவி விழுந்தது. அத்தை குளிக்கப் போயிருந்தாள். அவள் டிரங்குப் பெட்டிமேல் மயில் ஊசி இருந்தது.

செருகினேன். கிரீடம் நின்றது. செவலை ராணி மாதிரி இருந்தது. நான் கரும்பு தின்னப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், கொம்பும் காலி, பூவும் காலி. செவலை வாயோரத்தில் ஒரே ஒரு செவந்தி இதழ் ஒட்டியிருந்தது.

சொல்லியிருக்கலாம். சொல்வதற்குள் வீட்டில் தீப்பிடித்துவிட்டது.

"வீட்டுக்குள்ள வெச்சது, காக்காவா தூக்கிட்டுப் போச்சி?" என்று அத்தை அடுப்படியைப் பார்த்துக் கேட்டாள். அடுப்படியில் அம்மா இருந்தாள்.

"எதுக்கு இந்தப் பக்கமா பாத்துக் கேக்குற? என் கொண்டைய வேணும்னா அவுத்து ஒதறிக் காட்டட்டுமா?"

"நான் யாரையும் பேரு சொல்லல."

"பேரு வேற சொல்லணுமா?"

அவ்வளவுதான். நாத்தனாரும் அண்ணியும் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே கிணறு. ஆனால் பேச்சு மட்டும் என் வழியாகத்தான்.

"ஒங்க அத்தகிட்ட சொல்லு, கொழம்பு எறக்கியாச்சி, வேணும்னா வந்து தின்னட்டும்."

இரண்டு எட்டு வைத்துப் போய் நான் சொல்வேன். அத்தை அதைக் காதில் கேட்டிருந்தாலும் நான் சொல்லும் வரை காத்திருப்பாள். "ஒங்க அம்மாகிட்ட சொல்லு, எனக்குப் பசியில்ல." மறுபடி இரண்டு எட்டு. அப்பா சாப்பிட்டுக்கொண்டே இதைப் பார்ப்பார். "ஊரு லைனெல்லாம் நான் பாக்குறேன், என் வீட்டு லைன இந்தப் பொண்ணு பாக்குது" என்பார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்த உத்தியோகம் பிடித்திருந்தது. அம்மா பக்கம் வெல்லக்கட்டி, அத்தை பக்கம் சர்க்கரை தூவிய பாலாடை. இரண்டு தரப்பும் என்னைக் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்த்தன. குற்றவாளி நான், கொழுத்ததும் நான்.

மாசி பிறந்ததும் பாலாடை மெலிந்தது. செவலை பால் குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் நின்றேபோனது. அத்தைக்கு வருத்தமே இல்லை. ஐப்பசியில் சினை ஊசி போட்டிருந்தது. அதற்குப் பிறகு மாடு பருவத்துக்குக் கத்தவில்லை. வயிறு வேறு நாளுக்கு நாள் ஏறியது. தெருவே வந்து பார்த்தது. "ரெட்டைக் கன்னுடி இது, எழுதி வெச்சிக்கோ" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சரியாகத் தீனி எடுக்காததற்கும் அத்தையிடம் காரணம் இருந்தது: மசக்கை.

ஒருத்தி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் சாணி அள்ளி வறட்டி தட்டும் அம்மாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏங்க, முன்னல்லாம் ஒரு நாளு சாணிக்கு முப்பது வறட்டி வரும். இப்ப அஞ்சுக்கு வழியில்ல. அதுவும் களிம்பாட்டம் ஒட்டுது. வயிறு இவ்ளோ பெருசா இருக்கு, உள்ள போறது எங்கதான் போவுது?" என்று கேட்டாள்.

"ரெண்டு உசுரு உள்ள திங்குது, மிச்சம் எப்படி வரும்?" என்றாள் அத்தை.

"எனக்கென்னமோ நல்லாப் படல."

"ஒனக்கு வறட்டி கொறையுதுன்னு கவல."

பங்குனியில் மாமா கடிதம் போட்டிருந்தார், செவலையை நன்றாகப் பார்த்துக்கொள் என்று. அந்த ஒரு வரி போதாதா அத்தைக்கு? ஐந்தாம் மாதம், வளைகாப்பு நடத்தியே தீருவேன் என்று நின்றாள். மாட்டுக்கு வளைகாப்பா என்று அப்பா சிரித்தார். ஆனால் மறுநாள் அவரே பந்தலுக்குக் கீற்று கொண்டுவந்து போட்டார். தங்கைக்கு நடக்காத வளைகாப்பு இது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அது இப்போதுதான் தெரிகிறது.

அம்மா ஐந்து சாதம் கிளறினாள். புளி, எலுமிச்சை, தேங்காய், சர்க்கரைப் பொங்கல், தயிர். "ஒங்க அத்தகிட்ட சொல்லு, உப்பு பாத்துக்க" என்று என்னிடம் கொடுத்தனுப்பினாள். தெருப் பெண்கள் பட்டுப் புடவையில் வந்தார்கள். கண்ணாடி வளையல்களைக் கயிற்றில் கோத்துக் கொம்புகளில் மாட்டினார்கள். சந்தனம், குங்குமம், நலங்குப் பாட்டு. செவலை தலையைத் தொங்கப்போட்டு நின்றது. வெட்கம் என்றார்கள்.

மாட்டு ஆஸ்பத்திரிக்கு அந்த வாரம்தான் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். நெட்டையான, ஒல்லியான பெண். அத்தை அவருக்கும் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருந்தாள். வந்தவர் சந்தனம் தொட்டுக்கொண்டு மாட்டின் பின்னால் போய் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார்.

"மூஞ்சி முன்னாலல்ல இருக்கு, இவங்க எதுக்குப் பின்னாலயே நிக்கிறாங்க?" என்று யாரோ ஒருத்தி கிசுகிசுத்தாள்.

டாக்டரம்மா மாட்டின் நெஞ்சில் குழாயை வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நீளமான கையுறை போட்டு, அத்தனை பட்டுப் புடவைக்கும் முன்னால், தோள்பட்டை வரை கையை உள்ளே விட்டார். பாட்டு நின்றது.

"எத்தன கன்னு டாக்டரம்மா?" என்று அத்தை ஆவலாகக் கேட்டாள்.

"கன்னு இல்லீங்க."

"ரெண்டும் இல்லியா?"

"ஒண்ணுகூட இல்ல. மாடு சினையே இல்ல."

டாக்டரம்மா அத்தையின் தோளைப் பிடித்து மாட்டின் பின்னால் நிறுத்தினார். "பாருங்க. எடது பக்கம் மேல வரைக்கும் உருண்டையா இருக்கு. வலது பக்கம் கீழ தொங்குது. கன்னு இருந்தா இப்படி இருக்காது. வயித்துக்குள்ள தீனியும் தண்ணியும் நொரையும் தேங்கிக் கெடக்கு. அசை போட்டு, அடுத்த வயித்துக்குத் தள்ளுன்னு உத்தரவு குடுக்குற நரம்பு ஒண்ணு நெஞ்சு வழியா வருது. அது வேல செய்யல. நெஞ்சுகூட மெதுவாத்தான் அடிக்குது."

அப்பா முன்னால் வந்தார். "எக்ஸ்சேஞ்சும் நல்லாருக்கு, போனும் நல்லாருக்கு, நடுவுல லைன் போயிடுச்சி. அதானே டாக்டரம்மா?"

"அதேதான் சார்."

"லைன சரி பண்ண முடியாதா?"

"எதனால போச்சின்னு தெரியணும். ஊசி, கம்பி ஏதாவது முழுங்கி, அது குத்திப் புண்ணாகி நரம்ப அழுத்துனா, வயித்தத் தொறந்து எடுத்துடலாம், பொழைக்க வாய்ப்பு இருக்கு. வேற காரணம்னா தொறந்தும் பிரயோஜனமில்ல, மாட்ட வதைக்கிறதுதான் மிச்சம். வீட்டுல யாராவது ஊசி ஆணி தொலைச்சீங்களா?"

அத்தை இல்லை என்று தலையை ஆட்டினாள். அவள் கணக்கில் ஊசியைத் தின்றது மாடு இல்லையே. அப்பா கூரையைப் பார்த்தார். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் பந்தல் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஐந்து சாதத்திலும் மாட்டுக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார். சாதத்தைத் தெருவே சாப்பிட்டது. அழுதுகொண்டே சாப்பிட்டாலும் அம்மா கை புளிசாதம் புளிசாதம்தான்.

அடுத்த நாலு நாளில் செவலை தண்ணீர் குடிப்பதையும் விட்டது. அப்பா மாட்டுத் தரகரை வரச்சொன்னார். வேறு வழி தெரியவில்லை அவருக்கு. வயிற்றைக் கிழித்து ஒன்றும் இல்லை என்றால் தங்கை தாங்கமாட்டாள் என்று நினைத்தார். தரகர் திங்கட்கிழமை காலையில் வந்தார். வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார்.

"இது எங்க போவும்னு ஒனக்கே தெரியும் மாமா. நான் எதுவும் சொல்லல" என்று அப்பாவிடம் சொன்னார்.

அத்தை கொம்பிலிருந்து வளையல் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு அவிழவில்லை. "அவசரப்படுத்தாதீங்க, அவசரப்படுத்தாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தரகர் செவலை கழுத்தில் புதுக் கயிற்றை மாட்டினார்.

"அத்தை ஊசி மாட்டு வயித்துல இருக்கு!"

கத்தியது நான்தான். என் குரல் எனக்கே தெரியவில்லை. மாட்டுப் பொங்கல், கிரீடம், மயில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். முடித்ததும் அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

அப்பா தொண்டையைச் செருமினார். "என் கம்பியும் இருக்கலாம். ரெண்டு மூணு துண்டு மாட்டுக் கொட்டாயில விழுந்துச்சி. தேடிப் பாத்தேன், கெடைக்கல."

அம்மா வாசற்படியிலிருந்து, அத்தை ஒரு கை தூரத்தில் நிற்கும்போதே, என்னிடம் சொன்னாள்: "ஒங்க அத்தகிட்ட சொல்லு, என் சேப்டி பின்னு ரெண்டு கழுநீர்ல விழுந்துச்சி. நானும் சொல்லாமதான் இருந்தேன்."

தரகர் கயிற்றைக் கழற்றிக்கொண்டார். "இது மாடு இல்ல மாமா, இரும்புக் கடை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்குப் பிறகாவது இருவரும் பேசியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. தப்பு அண்ணி மேல் இல்லை என்று தெரிந்ததும் அத்தைக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. கோபத்தில் பேசாமல் இருந்ததைவிட வெட்கத்தில் பேசாமல் இருந்தது மோசம். அம்மாவோ, அவளே வரட்டும் என்றிருந்தாள். நான் வெல்லக்கட்டி இல்லாமல் இரண்டு பக்கமும் ஓடினேன்.

மறுநாள் காலை டாக்டரம்மா வந்தார். செவலையைத் தென்னை மரத்தோடு நின்றபடியே கட்டினார்கள். இடது விலாவைச் சிரைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, கிழித்தார். அத்தை மாட்டின் முகத்தைக் கட்டிக்கொண்டு மாமாவின் கடிதத்தைக் காதில் படித்தாள். வாளி வாளியாகப் புளித்த கூழ் வந்தது. டாக்டரம்மா மறுபடி தோள் வரை கையை விட்டார்.

"மாட்டுக்கு நாலு வயிறு. ரெண்டாவது தேன்கூடாட்டம் இருக்கும். கனமான சாமான் எல்லாம் அங்க போய்த்தான் உக்காரும்" என்று சொல்லிக்கொண்டே தேடினார். அப்பா எனாமல் தட்டைப் பிடித்திருந்தார். டங். ஓர் ஆணி. டங். சேப்டி பின். டங். புரொபசர் வீட்டு ஸ்பூன். பிறகு டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு எதையோ மெல்ல அசைத்து அசைத்து இழுத்தார். வளைந்து துருவேறிய கம்பி, முனை ஊசியாக இருந்தது.

"இதான் சார். சுவத்துல குத்தி நின்னுடுச்சி. இதான் நரம்பப் புடிச்சி வெச்சிருந்தது."

அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். கடைசியாக மயில் வந்தது. கறுத்துப்போயிருந்தது. கண்ணில் கல் மட்டும் சிவப்பாகவே இருந்தது. அது யாரையும் குத்தவில்லை. தேன்கூட்டில் சும்மா படுத்திருந்ததாம்.

தையல் போட்டு முடித்து டாக்டரம்மா கை கழுவினார். "தடை போயிடுச்சி. நரம்பு உசுரோட இருக்கான்னு இனிமேதான் தெரியும். சாணி போடணும். நல்லா போட்டா பொழைச்சிக்கும். மூணு நாளு பாருங்க."

அப்பா சத்தமாகவே வேண்டிக்கொண்டார்: "திருவந்திபுரத்துப் பெருமாளே, அது சாணி போட்டா நான் மொட்டை போட்டுக்கறேன்." அப்பாவுக்கு நெற்றியில் சுருண்டு விழும் முடிமேல் அப்படி ஒரு ஆசை. அதனால் எங்களுக்கு வேண்டுதலின் கனம் தெரிந்தது.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் எலுமிச்சை அளவு. வறட்டி அம்மாள் குச்சியால் கிளறிப் பார்த்து, "பத்தாது" என்றாள். அத்தை கொட்டாயிலேயே குந்தியிருந்தாள், சாப்பிடவில்லை. "ஒங்க அத்தகிட்ட சொல்லு, அவளும் படுத்துட்டா மாட்ட யாரு பாக்குறது" என்று அம்மா கஞ்சி கொடுத்தனுப்பினாள். அத்தை குடித்தாள். பதிலுக்கு எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

மூன்றாம் நாள் காலை, நான் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். தொப் என்று ஒரு சத்தம். இன்னொரு தொப். பிறகு நிற்காமல் தொப் தொப் தொப்.

"அண்ணி!" என்று அத்தை அலறினாள். "அண்ணி! அண்ணி! போட்டுடுச்சி அண்ணி!"

அம்மா தோசைக் கரண்டியோடு ஓடினாள். "எவ்ளோ?"

"நீங்களே வந்து பாருங்க!"

பார்த்தார்கள். பச்சைப்பசேலென்று, ஆவி பறக்க, மடிப்பு மடிப்பாக ஒரு முழக் குவியல். என் அம்மாவும் அத்தையும் அந்தச் சாணியின் இரு பக்கமும் நின்று, கையைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே அழுதார்கள். செவலை திரும்பி இவர்களைப் பார்த்துவிட்டு அசை போட ஆரம்பித்தது.

"என் வாயில புண்ணு வெக்க அண்ணி. ஒங்களப் போயி..."

"மாட்டு வாய விட்டுட்டு ஒன் வாயத்தான் கட்டியிருக்கணும்" என்றாள் அம்மா. பிறகு அத்தையின் கலைந்த தலையை ஒதுக்கிவிட்டாள்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் என் ஞாபகம் வந்தது. "இங்க வாடி!" என்று சேர்ந்தே கூப்பிட்டார்கள். மாட்டுப் பொங்கலுக்கு விழுந்திருக்க வேண்டிய அடி அன்று கரண்டியால் விழுந்தது. ஆளுக்கு இரண்டு. சத்தியமாகச் சொல்கிறேன், வலித்த மாதிரியே ஞாபகம் இல்லை. வறட்டி அம்மாள் கூடையோடு வந்தபோது, "தொடாத, கொஞ்ச நேரம் கெடக்கட்டும்" என்று அத்தை தடுத்துவிட்டாள்.

சித்திரையில் திருவந்திபுரம் போனோம். கெடில ஆற்றில் குளித்து, அப்பா மொட்டைக்கு உட்கார்ந்தார்.

"என்ன வேண்டுதல்ங்க?" என்று பாதி சிரைத்ததும் சவரம் செய்கிறவர் கேட்டார்.

அப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டார். "மாடு சாணி போடுறதுக்கு" என்றேன் நான். அவர் கத்தியை எடுத்துக் கீழே வைத்துவிட்டுச் சிரித்து முடித்த பிறகுதான் மறு பாதியைச் சிரைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா சந்தன மொட்டையோடு தூங்கிப்போனார். எனக்கு முன் சீட்டில் அம்மாவும் அத்தையும். மூன்று மாதத்துப் பேச்சு பாக்கி இருந்ததே, கடலூரில் ஆரம்பித்தது பரங்கிப்பேட்டை ரோடு தாண்டியும் ஓயவில்லை. பேச்சு வாக்கில் அத்தை தன் கொண்டையிலிருந்து மயில் ஊசியை உருவி, அம்மாவின் கொண்டையில் செருகினாள். அம்மா பேச்சை நிறுத்தாமலே தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். மயிலின் சிவப்புக் கண் என்னையே பார்த்துக்கொண்டு வந்தது.

நான் சீட்டின் விளிம்பில், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன். சிதம்பரம் வந்து இறங்கும் வரைக்கும் ஒருத்தியும் என்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை.